ஊரெல்லாம் காத்தாடி, பில் ஏன் குறையல? காற்றாலை மின்சாரமும் வீட்டுக் கட்டணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் பதினாறு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். கல்யாண வீடு, துஷ்டி வீடு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை என்று எங்கே போனாலும் "நீங்க காத்தாடியிலதானே இருந்தீக?" என்று ஆரம்பித்து அதே பத்துப் பதினைந்து கேள்விகள் வரும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, காத்தாடி சுத்தினா கரண்ட் எப்படி வருது?

சைக்கிள் டைனமோ பார்த்திருப்பீர்கள். அதையே கோபுரத்து மேலே தூக்கி வைத்த மாதிரிதான். இறக்கை மெதுவாகச் சுற்றும், கியர்பாக்ஸ் அந்த வேகத்தைப் பல மடங்காக்கும், ஜெனரேட்டர் மின்சாரம் தரும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் ஓட ஆரம்பிக்கும். 12 மீட்டர் வாக்கில் முழு உற்பத்தி. 25 மீட்டரைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். ஆடியில் கொட்டுகிற மின்சாரம் தையில் சொட்டுவது இதனால்தான்.

நம்ம பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு காத்தாடி நிக்குது?

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவர் என்றால் அதில் சில இடைவெளிகள் உண்டு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்குகளில் புகுந்து வேகம் பிடித்து வருகிறது. வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை சீசன். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனையாகச் சில காற்றாலைகளை நிறுத்தினார்கள். பிறகு முப்பந்தல், கயத்தாறு, உடுமலை என்று பரவி, இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. நாட்டிலேயே முதலிடம் என்று வெகுகாலம் மார்தட்டிக்கொண்டிருந்தோம், சமீபத்தில் குஜராத் முந்திவிட்டது.

எங்க வீட்டு மாடியில நின்னா நாப்பது காத்தாடி தெரியுது. எங்க பில் ஏன் குறையல?

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது, கொஞ்சம் கோபத்தோடும் வருவது. கோபம் நியாயமானது.

முதல் காரணம், வீட்டுக் கட்டணம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். முப்பந்தலில் காத்தாடிக்குக் கீழேயே வீடு கட்டியிருப்பவருக்கும் மயிலாப்பூரில் இருப்பவருக்கும் ஒரே அட்டவணை. அதை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. காற்று, அனல், அணு, நீர், வெளிச்சந்தை எல்லாவற்றின் செலவையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, அதோடு கம்பிச் செலவு, சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை வருகிறது.

இரண்டாவது காரணத்தைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அந்த நாற்பதும் வாரியத்துடையது அல்ல. மின்வாரியத்தின் சொந்தக் காற்றாலைகள் எல்லாம் சேர்ந்தே 17 மெகாவாட் சொச்சம்தான். மற்றதெல்லாம் தனியார். அதில் ஒரு பகுதி வாரியத்துக்கு விற்கிறது, ஒரு பெரும் பங்கு முதலாளியின் சொந்த ஆலைக்கே ஓடுகிறது. உங்கள் மாடியிலிருந்து தெரிகிற காத்தாடி எங்கோ ஒரு நூற்பாலையின் கதிர்களைச் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

கோயம்புத்தூர் மில்லுக்காரருக்கு இங்க எதுக்குக் காத்தாடி?

இரண்டு லாபம். தொழிற்சாலைக்கு வாரியம் விற்கும் மின்சாரம் விலை அதிகம், சொந்தக் காற்றாலையில் எடுத்தால் மலிவு. இங்கே உற்பத்தி செய்ததை வாரியத்தின் கம்பி வழியாக அங்கே எடுத்துக்கொள்ளலாம், கம்பிக்கு வாடகை கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று வருமான வரி. தொண்ணூறுகளில் காற்றாலைக்குப் போட்ட முதலீடு முழுவதையும் முதல் வருஷமே தேய்மானம் என்று வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. பிறகு அது 80 சதவீதமாகி, 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதம். வரி மிச்சம்தான் குறி என்று ஆனபோது, காற்று வருகிறதா என்று பார்க்காமல் மார்ச் 31க்குள் மெஷினை நிறுத்தினால் போதும் என்று நிறுத்தியவர்களும் உண்டு. அப்படி நின்ற சில மெஷின்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். சீசனிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும்.

காத்து ஓசிதானே, அப்புறம் எதுக்குக் காசு?

மழைத் தண்ணீர் கூட ஓசிதான், தொட்டி கட்ட வேண்டாமா? காற்றாலையில் செலவு முழுக்க முதல் நாளிலேயே விழுகிறது. இன்றைய நிலவரத்தில் ஒரு மெகாவாட்டுக்குப் பல கோடி ரூபாய், பெரும்பாலும் வங்கிக் கடன். யூனிட் விலையில் பெரிய பங்கு அந்த அசலும் வட்டியும்தான்.

அப்புறம் பராமரிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அமைதியாகச் சுற்றுகிறது. கோபுரத்துக்குள் ஏணியில் எண்பது மீட்டர் ஏறிப் போய்ப் பாருங்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும், மேலே கியர் எண்ணெய் வாடை, நின்ற இடமே லேசாக ஆடும். பேரிங்கில் ஒரு கீறல் விழுந்து, கண்டுபிடிக்கத் தாமதமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதற்குப் பெரிய கிரேன் வேண்டும். சீசனில் கிரேன் கிடைக்காது, கிடைத்தாலும் காற்றில் தூக்க முடியாது. ஒரு ஆனி மாதம் நாங்கள், கீறலைக் காட்டிக்கொடுக்கும் எண்ணெய் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்ப மறந்ததால், பின்னால் ஒரு மெஷின் ஆடி, ஆவணி இரண்டும் சும்மா நின்றது. ஒரு வருஷ வருமானத்தில் பெரும் பங்கு சீசனில்தான் வரும்.

சரி, யூனிட் என்ன விலைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது, எந்த வருஷத்து மெஷின் என்பதைப் பொறுத்தது. வாரியத்துக்கு விற்பவர்களுக்கு ஆணையம் நிர்ணயித்த விலை 2009இல் 3.39 ரூபாய், 2012இல் 3.51 ரூபாய். ஒப்பந்தம் போட்டால் இருபது வருஷத்துக்கு அதே விலை. 2017இல், குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற ஏல முறை வந்தது. பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் 3.46, ஆகஸ்டில் தமிழ்நாட்டு ஏலத்தில் 3.42, அக்டோபரில் 2.64, டிசம்பரில் குஜராத்தில் 2.43 என்று சரிந்தது. அந்த விலைக்கு ஒத்துக்கொண்ட சிலர் திணறிப் போனார்கள். இப்போது ஏலங்கள் மறுபடி 3 ரூபாய்க்கு மேலே ஏறிவிட்டன.

என்னைக் கேட்டால், அந்த மூன்று ரூபாயை விட இருபது வருஷத்துக்கு விலை மாறாது என்பதுதான் பெரிய விஷயம். 2022இல் உக்ரைன் போர் வந்ததும் இறக்குமதி நிலக்கரி விலை எகிறியது. மின் சந்தையில் யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று தடை போட வேண்டியிருந்தது, பிறகு அது 10 ஆனது. அந்த வருஷமும் பழைய ஒப்பந்தக் காற்றாலைக்கு அதே மூன்றரை ரூபாய்தான் கொடுத்தார்கள்.

அப்போ என் பில்லுல காத்தால எவ்வளவுதான் மிச்சம்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். வருஷம் முழுக்க மாநிலத்தில் செலவாகும் மின்சாரத்தில் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கை யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல் விலையில் வேறெங்கோ வாங்கியிருந்தால், மொத்த மின்சாரத்தின் சராசரி விலை யூனிட்டுக்கு 15 பைசா ஏறும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு அது 60 ரூபாய். முன்னே சொன்ன மாதிரி பெரும் பங்கு மில்களுக்கே போவதால் அறுபது என்பது உச்சம், நிஜத்தில் அதற்கும் கீழே. அதுவும் பில்லில் கழிவாக வராது. ஏறியிருக்க வேண்டியது ஏறாமல் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

இதோடு ஒப்பிட, 500 யூனிட் கோட்டைப் பாருங்கள். 2022 செப்டம்பர் அட்டவணைப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். பத்து யூனிட் கூடி 510 ஆனால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த பாதி விலைச் சலுகை போய்விடுவதும், 501இலிருந்து எட்டு ரூபாய் ஆவதும்தான் காரணம். 2024 ஜூலையில் விலைகள் இன்னும் கொஞ்சம் ஏறின, அமைப்பு அதேதான். மாமியார் வீட்டிலிருந்து வந்த ஒரு பழைய பிரிட்ஜ் உங்கள் பில்லில் செய்கிற வேலையை முப்பந்தல் முழுவதும் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

காத்து வர்ற மாசத்துல அனல் நிலையத்தை அணைச்சிட வேண்டியதுதானே? இரண்டுக்கும் எதுக்குக் காசு?

அனல் நிலையம் கேஸ் அடுப்பு இல்லை, திருகியதும் அணைய. முழுக்க நிறுத்தினால் மறுபடி சூடேற்றப் பல மணி நேரமாகும், எண்ணெயும் செலவாகும். அதனால் பாதி அளவுக்குக் குறைத்து ஓட்டுவார்கள். விதிப்படி 55 சதவீதம் வரை இறக்கலாம். குறைக்கும்போது நிலக்கரி மிச்சமாகும். ஆனால் ஒப்பந்தத்தில் நிலைக்கட்டணம் என்று ஒன்று உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும், தயாராக நின்றதற்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். இதையும் சேர்த்தால் காற்றின் மிச்சம் இன்னும் சுருங்கும் என்று வாரியத்துக்காரர்கள் சொல்வது உண்மைதான்.

ஆனால் அந்த அனல் நிலையத்தைக் காற்றுக்காகக் கட்டவில்லை. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் ஆனது. கோடை வெயில், எல்லா வீட்டிலும் ஏசி, காற்று சீசன் இன்னும் தொடங்கவில்லை. அந்த மாதிரி நாளுக்காக அது எப்படியும் வேண்டும். காற்றே இல்லையென்றாலும் அந்த நிலைக்கட்டணத்தை நாம் கட்டிக்கொண்டுதான் இருப்போம்.

காத்து பிய்ச்சுக்கிட்டு அடிக்குது, காத்தாடி சும்மா நிக்குது. ஏமாத்து வேலைதானே?

நாலு காரணம் இருக்கலாம். மெஷின் பழுது, கம்பி அல்லது துணை மின்நிலையத்தில் வேலை, கோளாறில் தானே நின்றது. நாலாவதுதான் வம்பு. கம்பியில் இடமில்லை அல்லது தேவை குறைவு என்று சொல்லி நிறுத்தச் சொல்வது. நாங்கள் 'பேக்டவுன்' என்போம். காற்றாலையைக் கட்டாயம் ஓடவிட வேண்டும் என்பது விதி. கம்பி தாங்காது என்றால் மட்டும் விலக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, ஊரெல்லாம் குளுகுளு, மில் லீவு, காற்றோ சூறை. போன் வரும், வரிசையாக நிறுத்துவோம். ஓசியில் வந்ததைத் தெருவில் கொட்டிய மாதிரி இருக்கும்.

கம்பி பிறகு கொஞ்சம் தேறியது. புகளூரிலிருந்து சத்தீஸ்கரின் ராய்கருக்கு 6,000 மெகாவாட் தாங்கும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்துவிட்டது. கோடையில் அங்கிருந்து இங்கே எடுக்கலாம், ஆடியில் இங்கிருந்து அங்கே தள்ளலாம்.

மில்லுக்காரங்க ஆடியில உண்டாக்கின கரண்டை மாசியில எடுக்கிறாங்களாமே. எங்க வெச்சிருப்பாங்க?

எங்கேயும் வைப்பதில்லை, கணக்கில் வைக்கிறார்கள். ஆடியில் மில் உண்டாக்கியதை வாரியம் அப்போதே எங்கள் தெருவுக்கும் உங்கள் தெருவுக்கும் கொடுத்துத் தீர்த்துவிடும். மாசியில் மில்லுக்கு வேறு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு வருஷம். இதற்கு 'பேங்கிங்' என்று பெயர். 2018 மார்ச் 31 வரை நிறுத்திய காற்றாலைகளுக்குத்தான் இந்த முழு வருஷ வசதி. வைத்ததில் 14 சதவீதத்தை வாரியம் கட்டணமாகக் கழித்துக்கொள்ளும்.

வாரியத்தின் வாதம்: ஆடியில் எனக்குத் தேவையில்லாததைத் தந்துவிட்டு, மாசியில் நான் சந்தையில் பத்து ரூபாய்க்கு வாங்குவதைக் கேட்கிறாய். மில்லின் வாதம்: நான் முதல் போட்டிருக்காவிட்டால் ஆடியிலும் நீ நிலக்கரிதான் எரித்திருப்பாய். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. வீட்டுக்காரராக நான் வாரியத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வேன். நெல் அறுவடையில் கொடுத்த மூட்டையைப் பஞ்ச மாதத்தில் திருப்பிக் கேட்டால், மூட்டை ஒன்றுதான், விலை ஒன்றல்ல.

காத்தாடி வந்ததுல இருந்து மழை போச்சுன்னு எங்க அப்பா சொல்றாரு. மேகத்தை விரட்டுதாமே?

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள், ஆனால் அது இல்லை. பெரிய காற்றாலையின் இறக்கை நுனி கூட இருநூறு மீட்டர் சொச்சம்தான். மழை மேகம் அதற்கு வெகு உயரத்தில் போகிறது. உண்மை தலைகீழாக இருக்கிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்றுதான் நம் பக்கம் அடிப்பது. மழை மறைவுப் பிரதேசம், அதனால் ஆடியில் மழை குறைவு, காற்று அதிகம். காத்தாடிக்காரன் இந்த இடத்தைத் தேடி வந்ததே அந்தக் காற்றுக்காக.

சுற்றுச்சூழலுக்கு நல்லதுங்கறாங்க. கணக்கு காட்டுங்க சார், நம்பறேன்.

மேலே சொன்ன அதே 400 யூனிட்டை எடுத்துக்கொள்வோம். முழுக்க நிலக்கரியில் உண்டாக்கினால் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் வீதம் 280 கிலோ நிலக்கரி. ஐம்பது கிலோ சாக்கில் ஐந்தரைச் சாக்கு. உங்கள் வீட்டு நடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐந்தரைச் சாக்கு கரியை இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல்தான். எனவே எரித்த பிறகு இரண்டு சாக்கு சாம்பல் மிஞ்சும். நம் வீட்டு நடையில் அது இல்லை, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் யாரோ ஒருவர் வீட்டு நடையில் இருக்கிறது. கரியமில வாயு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, ஆக 400 கிலோ.

காற்றில் அந்தச் சாக்குகள் இல்லை. கொதிகலனுக்கும் குளிர்விப்பதற்கும் தண்ணீர் வேண்டாம் என்பதும் நம் மாதிரி வறண்ட ஊருக்குச் சாதாரண விஷயம் அல்ல.

இரும்பு, சிமென்ட் எல்லாம் போட்டுத்தானே நிறுத்தறாங்க, அதுல புகை வராதா?

வரும். தயாரிப்பு, லாரி, அஸ்திவாரம், கடைசியில் உடைப்பது வரை எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கப் பங்கு போட்டால் யூனிட்டுக்கு 11, 12 கிராம் கரியமில வாயு என்று ஐ.நா. காலநிலைக் குழு கணக்கிட்டிருக்கிறது. நல்ல காற்றுள்ள இடத்தில் ஒரு வருஷத்துக்குள் மெஷின் அந்தப் புகைக் கடனை அடைத்துவிடும்.

பறவை அடிபடுது, நிலம் போகுது. இதெல்லாம் கணக்குல சேர்த்தியா?

சேர்க்க வேண்டும். இறக்கையை விட அதற்குப் போகும் கம்பிதான் பெரிய பறவைகளுக்கு எமன். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் அழியும் நிலைக்கு வந்து, கம்பியை மண்ணுக்கடியில் புதைப்பதா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. நம் பக்கம் கூந்தன்குளம் மாதிரிப் பறவைகள் கூடும் குளங்களைச் சுற்றி எங்கே நிறுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். வௌவால்களும் சாகின்றன, அவற்றுக்காகப் பேச ஆளில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை, அஸ்திவாரம் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான், சுற்றி உளுந்து விதைக்கலாம், ஆடு மேய்க்கலாம். பிரச்சினை பாதையில் வருகிறது. கிரேன் போக அகலமாகச் சாலை போடும்போது ஓடை மறிபடும், கால்வாய் தூர்ந்துபோகும். புரோக்கர் சொன்ன விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த வருஷம் பக்கத்து நிலம் ஐந்து மடங்குக்குப் போனதைப் பார்த்து நொந்தவர்களை எனக்குத் தெரியும். சத்தமும் உண்டு. முதல் மாதம் தூங்க முடியாது, அப்புறம் நின்றால்தான் முழிப்பு வரும் என்பார் எங்கள் காவல்காரத் தாத்தா. எல்லோரும் அப்படிப் பழகிவிடுவதில்லை. வீட்டிலிருந்து தூரம் விட்டு நிறுத்துவதுதான் சரி.

பழைய காத்தாடியை எல்லாம் என்ன பண்ணுவாங்க?

இரும்பும் செம்பும் காயலான் கடைக்குப் போகும், நல்ல விலை. இறக்கைக்கு விலை இல்லை. கண்ணாடி இழையும் பிசினும் கலந்த பொருள், பிரிப்பது கடினம். அறுத்து சிமென்ட் சூளையில் எரிக்கலாம், நிறைய இறக்கை மூலையில் கிடந்து வெயிலில் வெளுக்கிறது. காற்றாலைக்கு எதிரான வாதங்களில் எனக்குப் பதில் சொல்ல வராதது இதுதான்.

அதைவிட எனக்கு உறுத்துவது, நல்ல இடமெல்லாம் பழைய சின்ன மெஷின்களிடம் மாட்டியிருப்பது. 225, 250 கிலோவாட் மெஷின்கள் காற்று பிரமாதமான இடத்தில் குட்டைக் கோபுரத்தில் நிற்கின்றன. அங்கே 2 மெகாவாட் மெஷின் நின்றால் வருஷம் 50 லட்சம் யூனிட் வரும், ஈராயிரம் வீடுகளுக்குத் தாராளமாகப் போதும். பழையதை மாற்ற 2024இல் அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. நிலம் ஒருவர், மெஷின் ஒருவர், பழைய ஒப்பந்தச் சலுகை போய்விடுமோ என்ற பயம் வேறு, அதனால் வேகம் பிடிக்கவில்லை.

மாடியில ஒரு சின்னக் காத்தாடி வெச்சுக்கலாமா?

வேண்டாம். மாடி உயரத்தில் காற்று பலவீனம். பக்கத்து வீடு, தண்ணீர்த் தொட்டி, தென்னை எல்லாம் மோதிச் சுழன்று வரும். முதல் கேள்வியில் சொன்ன எட்டு மடங்கு கணக்கு இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்யும்: வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்று. காசு இருந்தால் சோலார் போடுங்கள். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். காற்றாலைக்காரன் வாயாலேயே சொல்கிறேன்.

கடல்ல காத்தாடி போடப்போறாங்களாமே, அப்போ பில் குறையுமா?

குறையாது, ஆரம்பத்தில் விலை கூடத்தான் இருக்கும். கடலில் அஸ்திவாரம், கப்பல், கேபிள் எல்லாம் செலவு. அதனால்தான் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் 500 மெகாவாட் வீதம் போட, 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் ஆதரவுத் தொகை ஒதுக்கியது. கடல் காற்று சீராக வரும் என்பது அதன் பலம். மீன்பிடிக்கும் இடம் போய்விடுமோ என்று மன்னார் வளைகுடாப் பக்கம் மீனவர்கள் கேட்பதற்கு முதலில் பதில் வேண்டும்.

காத்தடிக்கிற நேரம் பார்த்து மோட்டார் போட்டா எனக்கு ஏதாவது மிச்சமா?

இன்றைக்கு ஒரு பைசா மிச்சமில்லை. வீட்டு மீட்டர் எத்தனை யூனிட் என்று மட்டும் பார்க்கிறது, எத்தனை மணிக்கு என்று பார்ப்பதில்லை. ஆலைகளுக்கு அப்படி இல்லை. காலையும் மாலையும் ஆறிலிருந்து பத்து வரை உச்ச நேரம், 25 சதவீதம் கூடுதல். நமக்கும் ஒருநாள் ஸ்மார்ட் மீட்டரோடு அது வரலாம்.

ஆனால் உங்களுக்கு மிச்சமில்லாவிட்டாலும் வாரியத்துக்கு மிச்சம். சூரியன் இறங்கி ஊரே விளக்குப் போடுகிற ஏழு மணிக்குத்தான் சந்தையில் பத்து ரூபாய் வரை கொடுத்து வாங்குகிறார்கள். அண்டாவில் விழுகிற செலவு அது. எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் மத்தியானம் மூன்று மணிக்கு. என் மனைவி கிரைண்டரையும் அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டாள். வாரியத்துக்காக அல்ல, ஏழு மணிக்கு சீரியல் சத்தம் கேட்கவில்லையாம்.